நம்பர் ஒத்துப்போகலை

"ஐயோ, யாரோ வண்டியோட வுழுந்துட்டாரு! தண்ணி கொண்டாங்க!"

கடலூரில் வண்டிகளைச் சோதிக்கும் மைதானத்தில் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்த சிற்சபேசன் தலையை மட்டும் தூக்கினார். "நான் விழலைங்க. இன்ஜின் நம்பர் பாக்கறேன்."

சிற்சபேசன் சிதம்பரம் தபால் நிலையத்தில் பதிவுத் தபால் வாங்கும் குமாஸ்தா. 1991 விஜயதசமியன்று வாங்கிய சிவப்பு வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்துவிட்டது. ஆர்.சி. புத்தகத்தைப் புதுப்பிக்க இதோடு நான்காவது முறை வந்திருக்கிறார். மூன்று முறையும் ஒரே காரணத்தால் திரும்பிப்போனார். புத்தகத்தில் ஓர் இன்ஜின் நம்பர், வண்டியில் வேறொரு நம்பர்.

விற்ற கடையில் கடிதம் வாங்கலாமென்றால், அந்த இடத்தில் இப்போது செருப்பு விற்கிறார்கள். திருட்டு வண்டி இல்லையென்று போலீசில் சான்று வாங்கினார். இன்ஜினை மாற்றவே இல்லையென்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்.

"நீங்க மாத்தலன்னு நான் நம்பறேன் சார். நம்பர் நம்ப மாட்டேங்குதே" என்றார் வண்டி சோதிக்கும் இன்ஸ்பெக்டர்.

வண்டியை விட்டுவிடவும் மனம் வரவில்லை. பதினைந்து வருடத்தில் ஒருநாள்கூட அதை மழையில் எடுத்ததில்லை. மனைவி கார்த்யாயினி பின்னால் ஏறுவதென்றால், பெயிண்டில் கீறல் விழும் என்று கொலுசைக் கழற்றச் சொல்வார்.

வரிசையில் அவருக்குப் பின்னால் அதே மாடல் வண்டி ஒன்று நின்றது. அதுவும் ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். சீட்டின் மேல் உரச் சாக்கு, சைலன்சரைச் சுற்றிக் கட்டுக்கம்பி. சிற்சபேசன் தன் வண்டியை இரண்டடி தள்ளி நிறுத்திக்கொண்டார்.

"உங்களுக்கும் நம்பர் ஒத்துப்போகலையா சார்?" என்று கேட்டார் அந்த வண்டிக்காரர். "நானும் இத்தோட மூணாவது தபா வர்றேன். பழனிவேலுங்க, புவனகிரி. பால் யாவாரம்."

"நீங்க எங்க வாங்கினீங்க?"

"செதம்பரத்துலதான். தொண்ணூத்தொண்ணு விஜயதசமிக்கு. செவப்புல ரெண்டு வண்டிக்கு மாலை போட்டு வாசல்ல நிறுத்தியிருந்தாங்க. ஒண்ணு எனக்குன்னாங்க. கடையில கூட்டம்னா கூட்டம், அப்பிடி ஒரு கூட்டம்."

சிற்சபேசன் பழனிவேலின் புத்தகத்தை வாங்கிக்கொண்டு மறுபடி மண்ணில் படுத்தார். எழுந்துபோய்ப் பழனிவேலின் வண்டிப் பக்கத்திலும் படுத்துப் பார்த்தார். பழனிவேலின் புத்தகத்தில் இருந்த நம்பர், ஓர் எழுத்துகூடப் பிசகாமல் இவர் வண்டியில் இருந்தது. இவர் புத்தகத்து நம்பர் அவர் வண்டியில்.

"அன்னிக்கே வண்டி மாறிப்போச்சுங்க. பெயிண்டர் மாறின வண்டியிலயே பிளேட்டு எழுதிட்டான்" என்றார் சிற்சபேசன்.

இன்ஸ்பெக்டர் இரண்டு வண்டிகளையும் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா இவ்ளோ அலைஞ்சீங்க? நம்பர் பிளேட்ட மாத்தி மாட்டுங்க. ரெண்டு புக்கும் சரியாயிடும். இன்னிக்கே முடிச்சித் தர்றேன்."

பழனிவேல்தான் தயங்கினார். "எதுக்கு சார் வம்பு? நான் பழகின வண்டி. பால் கேன் மாட்ட கொக்கியெல்லாம் வெல்டு வெச்சிருக்கேன்."

"நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க" என்று சிற்சபேசன் அவர் தோளில் கை போட்டார். "பேப்பருக்காகத்தான மாத்தறோம்? வேலை முடிஞ்சதும் நீங்க உங்க வண்டில போங்க, நான் என் வண்டில போறேன். பேர் மாத்தற ஃபாரத்த அடுத்த வாரம் நிதானமா எழுதிக்கலாம்."

பக்கத்து மெக்கானிக்கிடம் ஸ்பேனரை இரவல் வாங்கி, முன் பிளேட்டு பின் பிளேட்டு எல்லாவற்றையும் அவரே கழற்றி மாட்டினார். இவ்வளவு எளிய யோசனைக்கு நான்கு நடை நடந்தோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

புத்தகத்தில் பெயர் உள்ளவர்தான் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். சிற்சபேசன் உரச் சாக்கின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, தடதடவென்று ஒரு சுற்று போய் வந்தார். பழனிவேல் பளபளக்கும் வண்டியில் ஒரு சுற்று போனார். போதும் என்று இன்ஸ்பெக்டர் கை காட்டிய பிறகும் இன்னொரு சுற்று போனார்.

மூன்று மணிக்கெல்லாம் இரண்டு புத்தகத்திலும் முத்திரை விழுந்துவிட்டது. இன்னும் ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை. சிற்சபேசனுக்குக் கண் கலங்கியது. ஓரமாகப் போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

"கார்த்யாயினி, வண்டி பொழைச்சிடுச்சி! பாயசம் வை, கிளம்பி வர்றேன்."

திரும்பி வந்தபோது பழனிவேல் பளபளக்கும் சீட்டில் ஏறி உட்கார்ந்து, புத்தகத்தில் விரலை ஓட்டிப் படித்துக்கொண்டிருந்தார். வண்டி நம்பர், இன்ஜின் நம்பர், தன் பெயர், அப்பா பெயர். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"அப்ப கிளம்பலாமா பழனிவேல்? என் வண்டி சாவியக் குடுங்க."

பழனிவேல் புத்தகத்தை மூடிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார். நிஜமாகவே புரியாதவர் போல் அவரை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டார்.

"எது சார் உங்க வண்டி?"