கஸ்பாரின் வலது கால்

பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களின் பாதம் கழுவிய நினைவாகச் சாமியார் பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். சாமியார் குனிந்து முத்தமிடுகிற கால் அல்லவா. சிலர் நகம் வெட்டித் தேங்காயெண்ணெயும் தடவியிருப்பார்கள். கடைசி நாற்காலியில் இருந்த கஸ்பார் மட்டும் முழங்கால் வரை செம்மண்ணோடு வந்திருந்தார். தூக்குப்போட்டுச் செத்த அவர் மகன் லிகோரியை உள்ளே புதைக்கக்கூடாது என்று பங்குச் சாமியார் கல்லறைத் தோட்டத்தைப் பூட்டிவிட்டார். அன்று மதியம் மதிலுக்கு வெளியே தானே குழிவெட்டி அவனைப் புதைத்துவிட்டு, கஸ்பார் நேரே கோயிலுக்கு வந்துவிட்டார். பன்னிருவரில் அவர் பெயரை முந்தின ஞாயிறே அறிவித்திருந்தார்கள். வரவேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

சாமியார் அவர் முன்னால் முழந்தாளிட்டார். காலைப் பார்த்ததும் செம்பை அவசரமாகச் சரித்தார். தண்ணீர் விழுமுன் கஸ்பார் அதைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணி வேண்டாம் சாமி. எம்மவன் குழி மண்ணு இது. நீங்கதான் அங்க வரலியே. இப்படியே காலை முத்தி பண்ணிருங்க.”

கடைசிக் காலை முத்தமிட்டு முடிக்கும்வரை பாட்டை நிறுத்தக்கூடாது. பாடற்குழு அதே பாட்டை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.