நாலாம் பட்டன்

“நாலாம் பட்டனை எதுக்கு மாமா அமுக்குனீங்க? நான் இங்க பீன்ஸ் நறுக்கிட்டிருக்கேன்.”

“நீயும் வீட்லதானேம்மா இருக்கே?”

“வீட்ல இருந்தா போதுமா? பார்க்க வேணாமா?”

ராஜாராமன் மருமகள் பக்கம் திரும்பவில்லை. யார் எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஒரு கம்பெனி இந்த இரும்புலியூர் வீட்டு டிவியில் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருக்கிறது. ஆளுக்கொரு பட்டன். பார்ப்பவர் மட்டும் தன் பட்டனை அமுக்க வேண்டும். அவர் ஒன்று, மனைவி பாலாம்பாள் இரண்டு, மகன் உமேஷ் மூன்று, சுப்ரஜா நாலு. நான்கு பச்சை விளக்குகளும் எரிகின்றன. உமேஷ் இன்னும் சிறுசேரி ஆபீஸை விட்டே கிளம்பவில்லை. திரையில் ஒருத்தி தாலியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அந்த நீல வெளிச்சத்தில் பாலாம்பாளின் மூக்குத்தி விட்டுவிட்டு மின்னுகிறது. எட்டு மாதமாகச் சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் அழுகையை மட்டும் கேட்கும் சுப்ரஜா, கணக்குப்படி இந்தத் தொடரை ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்துவைத்த போனில் பெண்கள் கிரிக்கெட்டின் கடைசி ஓவர். பந்து வீச ஓடிவரும் பெண் ஒரு கால் அந்தரத்தில் இருக்க அப்படியே நிற்கிறாள். அவள் முகத்தின் மேல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குக்கர் மூன்றாவது விசில் விடுகிறது. சுப்ரஜா அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக்கையை நைட்டியில் துடைத்தபடி கூடத்துக்கு வந்து, டிவிக்கு நேர் எதிரே உட்காருகிறாள்.

“இப்போ நிஜமாவே நாலு பார்க்குது மாமா. ஒரே ஒரு ஓவர். மேட்ச் வைங்களேன்.”