கம்பளிக்குள் பேட்டரி

வெளியே மைனஸ் முப்பது டிகிரி. படுக்கையோடு நாங்கள் ஊர்சுற்றும் கேம்பர் வேனுக்குள் ஹீட்டரை அணைத்து வைத்திருந்தார் என் கணவர் குலசேகரன். போட்டால் பேட்டரி இறங்கிவிடுமாம். குளிரில் அது செத்துவிடக் கூடாதென்று, இருந்த இரண்டு கம்பளிகளையும் அதற்குச் சுற்றி, படுக்கையில் என் இடத்தில் கிடத்தியிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்கள் தந்தியடித்தன.

“அப்புறம் ஹீட்டர் எதுக்குங்க இருக்கு?”

“ஆத்திர அவசரத்துக்கு, வாசுகி.”

“எனக்கு விரலெல்லாம் மரத்துப்போச்சு.”

“கையத் தேச்சுக்க. பேட்டரிக்குக் கையா இருக்கு, பாவம்?”

எனக்குக் காய்ச்சல் வந்தால் தைல டப்பாவை எட்ட நின்று நீட்டுகிற மனுஷன், கம்பளிக்குள் புறங்கையை விட்டு அதற்குச் சூடு பார்த்தார். பிறகு கூரையிலுள்ள சோலார் பேனலில் பனியைத் தள்ளப் போனார். நான் எழுந்தேன். பேட்டரியைத் தூக்கி ஸ்டூலில் வைத்துவிட்டு, அது கிடந்த இடத்தில் சுருண்டு தலை வரை போர்த்திக்கொண்டேன்.

திரும்பி வந்தவரின் கண்ணாடியில் பனி அப்பியிருந்தது. எதையும் பார்க்காமல் நேரே வந்து, கம்பளியை விலக்கி, என் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

“அப்பாடா, சூடா இருக்கு” என்றார், அத்தனை கனிவாக.

நான் மூச்சுக் காட்டவில்லை. என் ஸ்டூலில் உட்கார்ந்து பேட்டரி விறைத்துக்கொண்டிருந்தது.