கண்ணாடிக் கடை ரசீது

"தலைவரைச் சுட்டவன் அங்கேயே போலீஸ் குண்டுக்குச் செத்துட்டான். சாயங்காலம் கேஸை மூடப்போறோம். இன்னும் என்னம்மா கேள்வி?" மனுவைப் பிரிக்காமலே எரிந்து விழுந்தார் காவல் நிலைய எழுத்தர்.

எதிரே நின்றவள் ஒரு ரசீதை நீட்டினாள். "அந்த மனுஷனுக்குக் கண்ணாடி இல்லாட்டி எதிர்ல நிக்கிறது ஆளா தூணான்னே தெரியாது. அன்னிக்குக் கண்ணாடி ரிப்பேர் கடையில கிடந்திருக்கு. தேதியைப் பாருங்க. மூணாவது மாடியிலிருந்து ஒரே குண்டுல எப்படி சார் சுட்டிருப்பாரு?"

"எந்தக் கொலைகாரன் பெண்டாட்டிதான் ஒத்துக்குவா? செத்துப்போன தலைவர் குடும்பத்தைக் கொஞ்சமாவது நெனச்சுப் பாத்தியா? வெக்கமா இல்ல?"

"நீங்க கொலைகாரன்னு சொல்றவரோட சம்சாரம் வாசல்ல நிக்கிறாங்க. ரசீதை அவங்கதான் கொடுத்தாங்க. அவங்களை உள்ளயே விடல."

"அப்ப நீ யாரு?"

அவளே மனுவைப் பிரித்து, கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள். படித்த எழுத்தர் பதறி எழுந்தார்.

"அம்மா... நீங்க... தலைவரோட..."

"செத்தது என் புருஷன்தான். சுட்டவன் இன்னும் வெளியில சுத்துறான். எங்க குடும்பத்துக்காக நீங்க ஒண்ணும் உருக வேணாம் சார். மனு வந்துச்சுன்னு முத்திரை குத்துங்க, போதும்!"