ஈரலுக்குக் கீழே

"ஈரல் இன்னா இந்தப் பக்கம் நிக்குது?"

செஞ்சியில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. படத்தைப் பார்த்ததும் சாமியைக் கும்பிடுவார்கள், இல்லையென்றால் அழுவார்கள்.

கேட்ட தைலம்மாள் அவலூர்பேட்டையில் கறிக்கடை வைத்திருப்பவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷினில் படுத்திருந்தது அவர் வீட்டுக்காரர் கன்னியப்பன். மூன்று நாளாக வயிற்று வலி என்று சீட்டில் எழுதியிருந்தது.

கால்மாட்டில் நின்று பார்ப்பது மாதிரிதான் படம் வரும், அவருடைய வலது நமக்கு இடது என்றேன்.

"அப்டி சொல்லு. அப்ப இதான் சுவரொட்டி."

மண்ணீரலைச் சரியாகத் தொட்டார். எனக்கு அது பிடிபட ஒரு வருஷம் ஆனது. பொறாமையாகத்தான் இருந்தது.

ஈரலில் கொஞ்சம் கொழுப்பு படிந்திருக்கிறது என்று சொன்னேன்.

"அது அந்தாளு தின்னு வாங்கினது. நீ கீழ தள்ளு."

மௌஸை உருட்டினேன். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் சிறுநீரகங்கள் வந்தன. இரண்டும் வற்றிச் சுருங்கிக் கிடந்தன. எனக்குப் பகீரென்றது. அவர் அசரவில்லை.

"இன்னும் கீழ."

வலது இடுப்பெலும்பை ஒட்டி, இருக்கவே கூடாத இடத்தில், கொழுகொழுவென்று மூன்றாவதாக ஒரு சிறுநீரகம்.

"வீங்கிருக்குதா? கல்லு கில்லு இருக்குதா?" இப்போதுதான் அவர் குரல் நடுங்கியது.

ரிப்போர்ட் டாக்டர்தான் தர வேண்டும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. என் கண்ணுக்கு வீக்கமும் தெரியவில்லை, கல்லும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். பெருமூச்சு விட்டார்.

"யாரும்மா குடுத்தாங்க?"

புடவையைக் கொஞ்சம் விலக்கி, இடது விலாவுக்குக் கீழே இருந்த நீளத் தழும்பைக் காட்டினார்.

நல்ல சேதியை அவரிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

"அந்தாளோட பேசி ஏழு வருஷம் ஆவுது. வலின்னு ஆள் உட்டு சொன்னாரு. என்னுதப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

கன்னியப்பன் சட்டையை மாட்டியபடி வந்து காலி நாற்காலியைப் பார்த்தார்.

"போய்ட்டாளா? எவ்ளோ நேரம் பாத்தா?"

"அஞ்சு நிமிஷம். இப்ப வலி எப்டிங்க இருக்குது?"

"இன்னா வலி?" என்றார்.