நித்தியத்திலும் உன் மனைவி

"வெட்டிரலாங்களா அக்கா?" என்று உளியைக் கல்லில் வைத்துக்கொண்டு கேட்டார் கல்தச்சர் நடராசன்.

செலின் கல்லறை மேல் பூ அடுக்குவதிலேயே இருந்தாள்.

அவர் எழுந்துபோய் அவள் மாமியார் மதலேனம்மாளின் வலப்பக்கமாக நின்று மறுபடி கேட்டார். மாமியாருக்கு இடது காது கேட்காது. கல்யாணமான புதிதில் காய்ச்சலில் போனது என்பார்கள்.

"அவ தலையாட்டட்டும்" என்றாள் மதலேனம்மாள்.

கிரானைட் பலகையில் இடது பாதி செலினின் கணவன் ஜெரோமுக்கு. வலது பாதி செலினுக்கு. அவள் பெயரையும் பிறந்த தேதியையும் அவன் செத்த வருடமே வெட்டியாகிவிட்டது. 'இறப்பு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் இடம் காலி. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அந்தக் காலி இடத்தையும் சேர்த்துத்தான் அவள் தேய்த்துக் கழுவுகிறாள்.

இந்த வருடம் மாமியாருக்கு அது போதவில்லை. செலினின் பெயருக்குக் கீழே ஒரு வரி வர வேண்டும். பங்குச் சாமியார் கல்லறைகளை மந்திரிக்க வருவதற்குள் அதை வெட்டி முடித்திருக்க வேண்டும். பக்கத்து ஊரான நெரவியிலிருந்து நடராசனை வரவழைத்து, சாக்பீசால் எழுதவும் வைத்துவிட்டாள்.

'நித்தியத்திலும் உன் மனைவி.'

புதிதாகக் கண்டுபிடித்த வரி ஒன்றுமில்லை. பக்கத்துக் கல்லறை மாமனாருடையது. அதிலும் பாதி மாமியாருக்கு. அங்கே மதலேனம்மாள் என்ற பெயருக்குக் கீழே இதே வரியை ஜெரோம்தான் வெட்ட வைத்தான். அப்புறம் என்ன, அதுவே குடும்ப வழக்கமாகிவிட்டது.

"அவன் அங்க தனியா காத்துக்கிட்டிருக்காம்மா. நீ போய்ச் சேந்தாத்தான் அவனுக்கு நிம்மதி" என்றாள் மதலேனம்மாள்.



காரைக்காலில் அவளைத் தெரிந்த எல்லோரும் சொல்லும் ஆறுதல் இதுதான். கோவில் வாசலில், கல்யாண வீட்டில், மீன் வாங்கப் போன இடத்தில்கூடக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். கவலைப்படாதே, மோட்சத்தில் அவரோடு சேர்ந்துவிடுவாய் என்பார்கள். அவளும் தலையாட்டி வைப்பாள். சேர்ந்துவிடுவோமே என்பதுதான் தன் கவலை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஜெரோம் நரகத்துக்குப் போயிருந்தாலாவது தப்பித்திருப்பாள். அதற்கும் வழி வைக்கவில்லை அந்த மனுஷன். குடித்துக் குடித்து ஈரல் கெட்டுக் கிடந்தவன், கடைசி நாளில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து பாவமெல்லாம் கழுவி, சாகப்போகிறவர்களுக்கான அவஸ்தைப்பூசுதல் பெற்று, நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடினான்.

அவளுக்கும் மோட்சம் வேண்டும். அவள் அம்மா அங்கேதான் இருக்கிறாள். ஆனால் பூசையில் விசுவாச அறிக்கை சொல்லி, நித்திய வாழ்வு என்ற இடம் வரும்போது செலின் வாயை மட்டும் அசைப்பாள். குரல் வராது. செத்தும் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டுமென்றால், சாவதில்தான் என்ன இருக்கிறது?

அவளுடைய இடது காதில் ஓயாத இரைச்சல் ஒன்று உண்டு. ஜெரோமின் வலது கை கொடுத்தது. அன்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன மாமியார், டாக்டர் கேட்கும் முன்பே, காய்ச்சலில் வந்தது என்று முந்திக்கொண்டாள். எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்! ஜெரோமை மன்னித்தாலும் மன்னிக்கலாம், அதை மன்னிக்க செலினால் முடியவில்லை.

மழை தூறத் தொடங்கியது. ஆளாளுக்குக் குடையை விரித்து, தாங்கள் நனைந்துகொண்டு மெழுகுவத்திகளுக்குப் பிடித்தார்கள். மதலேனம்மாளும் மகனுக்கு ஏற்றிய மெழுகுவத்திக்குக் குடை பிடித்தாள்.

தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசையாக வந்த சாமியார் இவர்கள் முன்னால் நின்றார். பங்குக்குப் புதியவர், சின்ன வயது. மாமியார் சாக்பீஸ் வரியைக் காட்டி, இதையும் சேர்த்து மந்திரித்துவிடச் சொன்னாள். நடராசன் உளியோடு காத்திருந்தார். இனி தலையாட்டினாலும் ஒன்றுதான், ஆட்டாவிட்டாலும் ஒன்றுதான் என்று செலினுக்குத் தோன்றியது.

சாமியார் அந்த வரியைப் படித்துவிட்டு லேசாகச் சிரித்தார்.

"இத வெட்ட வேணாம்மா. அங்க புருசன் பொண்டாட்டிங்கிறதே கிடையாது. ஆண்டவரே சொல்லியிருக்கார். எல்லாரும் வானதூதருங்க மாதிரி இருப்பாங்க. யாரும் யாருக்கும் சொந்தமில்ல."

செலின் சட்டென்று குனிந்துகொண்டாள். முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயம். அவள் அழுகிறாள் என்று நினைத்த சாமியார், அன்பு எங்கேயும் போய்விடாது, வருத்தப்பட வேண்டாம் என்று தேற்றினார்.

மாமியார் இதை இப்படியே விடமாட்டாள். சின்னப் பையனுக்கு என்ன தெரியும் என்பாள். நடராசனைப் பார்த்து, நீ வெட்டு என்பாள்.

மதலேனம்மாளின் கையிலிருந்து குடை நழுவி விழுந்தது. மெழுகுவத்தி அணைந்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை.

சாமியாரின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வலது காதுப் பக்கமாக இழுத்தாள். அவள் பார்வை மகனின் கல்லறையில் இல்லை. பக்கத்துக் கல்லில், ஆழமாக வெட்டி மஞ்சள் வர்ணம் பூசியிருந்த தன் பெயரின் மேல் இருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க சாமி" என்றாள். "எனக்குமா?"