வினோஜா சொன்னது

பிரகலாதன் மனைவியின் இரண்டு கைகளையும் விடாமல் பிடித்தபடி ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் அழுதுகொண்டிருந்தான். அந்தப் பிடிக்குள் வினோஜா திமிறினாள். தொண்டையிலிருந்து "ஆ... ஆ..." என்ற ஒலி மட்டுமே வந்தது.

"காதும் கேளாது, வாயும் பேசாது, மிஸி. கண்மூடித் திறக்கிறதுக்கிடையிலை கிணத்துக்கை குதிச்சிட்டாள். பக்கத்து வீட்டாக்கள் ஓடிவந்து தூக்கியிருக்காட்டி..." அவனால் மேலே கதைக்க முடியவில்லை.

தாதி கனகாம்பிகைக்கு நெஞ்சு கரைந்தது. இருபது வருடச் சேவையில் மனைவியை இப்படித் தாங்கும் ஒருவனை அவள் கண்டதில்லை.

விடிந்ததிலிருந்து வினோஜா இரண்டு தரம் சேலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். கனகாம்பிகை பேனையும் தாளும் நீட்டிப் பார்த்தாள். எழுதத் தெரியாதவள் ஒரு வட்டம் போட்டாள். பக்கத்தில் இரண்டு கோடுகள் இழுத்தாள். பிறகு பேனையை வீசிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, எங்கை நோகுது? எனக்கு ஒண்டும் விளங்கேல்லையே!" கனகாம்பிகைக்கே அழுகை வந்தது.

"கையைக் கட்டிவிட்டால் நல்லம், மிஸி," என்றான் பிரகலாதன். "திரும்பவும் ஏதும் செய்துபோடுவாள்."

கனகாம்பிகைக்கு வேறு வழி தெரியவில்லை. பண்டேஜ் துணியால் அந்தக் கைகளைக் கட்டிலோடு கட்டினாள். வினோஜா பார்த்த பார்வையைத் தாங்கமாட்டாமல் விலகி நடந்தவளின் கண்ணில் அறிவித்தல் பலகை பட்டது. தென்மராட்சியில் இயங்கும் ஒரு சிறு நிதியம் அனுப்பிய கடிதம் அதில் மாதக்கணக்காகத் தொங்கியது. 'காது கேளாதவர்களுக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் தேவையெனில் அழையுங்கள். செலவு எங்களுடையது.'

ஒருநாளும் யாரும் அழைத்ததில்லை. அவள் அழைத்தாள்.

ஒன்றரை மணித்தியாலத்தில் பெயர்ப்பாளர் ஆரபி பஸ் பிடித்து ஓடிவந்தாள். "இவவைத் தெரியும். எங்கடை நிதியத்திலைதான் சைகை படிச்சவ," என்றவள் கட்டிலைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "முதல்லை கட்டை அவிழுங்கோ, மிஸி! வாயைக் கட்டிப்போட்டு என்னெண்டு கதைக்கிறது?"

கட்டு அவிழ்ந்ததும் வினோஜாவின் விரல்கள் பறந்தன. பார்த்துக்கொண்டிருந்த ஆரபியின் முகம் வெளிறியது.

"என்னவாம்?" பிரகலாதன் கண்ணைத் துடைத்தான். "இன்னும் சாகத்தான் வேணுமாமோ?"

ஆரபி அவன் பக்கம் திரும்பவில்லை. கனகாம்பிகையின் காதோடு சொன்னாள்:

"தள்ளிவிட்டது இவராம், மிஸி."